விழுந்த பிஸ்டலை எடுத்துக் கொடுத்தவன்

துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்த ஒருவனுக்கு ஜேர்மனி முதன்முதலாகக் கொடுத்த வேலை, துவக்குச் சுடும் மண்டபத்தைக் கூட்டுவது. இதை நான் இட்டுக்கட்டிச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். இட்டுக்கட்டுவதென்றால் இதைவிட நம்பும்படியாக ஒன்றைச் சொல்லியிருப்பேன்.

எண்பத்தைந்தாம் ஆண்டு. மாஸ்கோ விமான நிலையத்தில் ஒரு பகல் முழுவதும் கதிரையில் குந்தியிருந்து, கிழக்கு பெர்லினில் இறங்கி, நகர ரயிலில் மேற்குக்கு வந்து சேர்ந்த கூட்டத்தில் நானும் ஒருவன். எங்களைப் பிரித்து ஊர் ஊராக அனுப்பினார்கள். எனக்கு வாய்த்தது கெல்சென்கிர்ச்சனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். பழைய சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றை அகதிகளுக்கான விடுதி, அவர்கள் சொல்லில் ஹைம், ஆக்கியிருந்தார்கள். ஓர் அறைக்கு ஆறு பேர். அசூல், அதாவது அரசியல் தஞ்சம், கேட்டவன் சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடாது என்பது சட்டம். அவன் சும்மா படுத்திருக்கவும் கூடாது என்பது எங்களுக்குப் படியளந்த சோசியல் கந்தோரின், அதாவது சமூகநல அலுவலகத்தின், விருப்பம். சட்டத்தையும் விருப்பத்தையும் சேர்த்து அவர்கள் கண்டுபிடித்ததுதான் பொதுநல வேலை. தேத்தண்ணிக்கும் சிகரெட்டுக்கும் போதுமான ஒரு கைச்செலவு தந்து, வாரத்தில் சில நாள் எங்காவது கூட்டவோ துடைக்கவோ விடுவார்கள். எங்கள் அறையில் ஒருவனுக்கு மயானம் கிடைத்தது, இன்னொருவனுக்குப் பூங்கா. என் கடதாசியில் ஊர்ச் சூட்டுக் கழகத்தின் முகவரி இருந்தது.

அதை முதலில் வாசித்தவர் அப்புக்காத்து. ஊரில் வழக்கறிஞரை அப்படித்தான் சொல்வோம். இவர் வழக்கறிஞர் அல்ல, சீமெந்துத் தொழிற்சாலையில் கணக்கெழுதியவர். ஆனால் ஹைமில் யாருக்குக் கடிதம் வந்தாலும் அகராதியோடு முதலில் ஓடிவருவதும், யாருக்கு விசாரணை என்றாலும் என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் எடுப்பதும் அவர்தான். அவருடைய சொந்த மனு இரண்டு தரம் நிராகரிக்கப்பட்டிருந்தது. அந்த அனுபவமே தன்னுடைய தகுதி என்று அவர் நம்பினார், நாங்களும் வேறு ஆள் இல்லாததால் நம்பினோம்.

எனக்கு அசூல் விசாரணைக்கு நாள் குறித்து டேர்மின் வந்திருந்தது. அந்த ஒரு நாளில், ஒரு மேசைக்கு முன்னால் நான் சொல்வதை வைத்துத்தான் என்னை இங்கே இருக்க விடுவதா, திருப்பி விமானம் ஏற்றுவதா என்று தீர்மானிப்பார்கள். நான் துவக்குத் தூக்கிய இயக்கக்காரன் என்று அவர்கள் சந்தேகப்பட்டால் கதை முடிந்தது. அதனால் அப்புக்காத்து எனக்கு ஒரே ஒரு பாடத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லித் தந்தார்.

"துவக்கு எண்ட சொல்லே உம்மடை வாயிலை வரப்படாது. கண்டனீரோ எண்டு கேட்டா, ஆமிக்காரன்ரை கையிலை கண்டனான் எண்டு சொல்லும். தொட்டனீரோ எண்டு கேட்டா, இல்லை. கனவிலையும் இல்லை."

அது உண்மையும்தான். நான் அதுவரை எந்தத் துவக்கையும் தொட்டதில்லை. சூட்டுக் கழகத்துக்குப் போனபோதும் கைகளைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே போனேன். பிறகு விளக்குமாறு பிடிக்க வெளியே எடுக்க வேண்டியதாயிற்று.

கழகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட கனவான்கள் இருபது முப்பது பேர் சனிக்கிழமை காலையில் வந்து கடதாசி அட்டைகளைச் சுடுவார்கள். சுட்டுவிட்டுப் பக்கத்து அறையில் பியர் குடிப்பார்கள். பெரும்பாலானோர் ஒரே இடத்தில் நின்று, ஒரு கையை இடுப்பில் வைத்து, படம் எடுக்க நிற்பதுபோல நின்று சுடுபவர்கள். அவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. அந்த ஆண்டில்தான் புதிதாக ஒரு பிரிவு தொடங்கியிருந்தார்கள். இடுப்பில் தோல் உறை கட்டி, அதில் பிஸ்டலைச் செருகி, மணி அடித்ததும் ஓடிப்போய், உருவி, சுடுவது. அமெரிக்காவிலிருந்து வந்த விளையாட்டாம். தொப்பை உள்ளவர்களுக்கு இந்த விளையாட்டில் ஒரு சங்கடம் இருந்தது. உறை எங்கே இருக்கிறது என்று அவர்களால் குனிந்து பார்க்க முடியாது.

இந்தப் பிரிவுக்கு ஏகப்பட்ட விதிகள். குண்டு இல்லாத பிஸ்டலானாலும் அதன் வாய் மனிதர் பக்கம் திரும்பக்கூடாது. குறிபார்க்கும்வரை விரல் விசைக்குள் போகக்கூடாது. இதையெல்லாம் கூட்டிக்கொண்டே கேட்டபோது எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. எங்கள் ஊர்ச் சோதனைச்சாவடியில் ஆமிக்காரன் அடையாள அட்டையைத் துவக்கு முனையால்தான் திருப்பிப் பார்ப்பான். அவன் விரல் எங்கே இருந்தது என்பதை நாங்கள் ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறோம். அவனுக்கு இந்தக் கனவான்களிடம் ஒரு மாதம் பயிற்சி கொடுத்திருந்தால் நான் இங்கே வந்து கூட்ட வேண்டியிருந்திராது.

விதிகளில் எனக்குப் பிடித்தது உறைச் சோதனை. சூடு தொடங்கும் முன் ஒவ்வொருவரும் குண்டில்லாத பிஸ்டலை உறையில் செருகி, மேலே வாரைப் போட்டுப் பொத்தானை அமத்தி, மூன்று தரம் குதிக்க வேண்டும். பிறகு முழங்காலில் இருந்து எழும்ப வேண்டும். பிஸ்டல் விழாமல் இருந்தால் உறை சரி. விழுந்தால் அன்றைக்கு அவர் வீட்டுக்குப் போகலாம். ஒரு வங்கி முகாமையாளர், ஒரு பல் வைத்தியர், ஓய்வுபெற்ற இரண்டு சுரங்க மேற்பார்வையாளர்கள், எல்லாரும் முகத்தை மிகவும் தீவிரமாக வைத்துக்கொண்டு வரிசையாக நின்று குதிப்பார்கள். மண்டபத்தின் பழைய பலகைத் தளம் அதிரும். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக் கூட்டிக்கொள்வேன்.

இந்தச் சோதனையை நடத்தியவர் ஒரு பெண். அறுபது வயதிருக்கும், கணவனை இழந்தவர், தபால் கந்தோரில் முப்பது ஆண்டுக்குமேல் கடிதம் பிரித்தவர். சூட்டுமேடையில் அவர் சொல்வதுதான் சட்டம். கழுத்தில் ஒரு ஊதல், கக்கத்தில் ஒரு தடித்த பதிவுப் புத்தகம். என்னைப் பார்த்து அவர் ஒருபோதும் சிரித்ததில்லை. பரிதாபமாகப் பார்த்ததும் இல்லை. அந்த ஊரில் அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

குதிக்காத ஆள் ஒருவர்தான். கழகத் தலைவர். ஊரிலே பெரிய இறைச்சிக்கடை அவருடையது, மண்டபத்துக்குக் கூரை போட்டுக் கொடுத்ததும் அவர். தலைவர் குதிக்க மாட்டார், அவருடைய மூட்டுக்கு ஆகாது என்று எல்லாரும் ஒத்துக்கொண்டிருந்தார்கள். தபால் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு சனியும் அவர் பெயருக்கு எதிரே 'சோதிக்கப்படவில்லை' என்று எழுதிக்கொண்டு வந்தார். உண்மை என்னவென்றால், அந்த மாத மாவட்டப் போட்டியில் பக்கத்து ஊர்க்காரன் ஒருவனை வெல்ல வேண்டும் என்று தலைவருக்கு வெறி. பொத்தானை நெகிழ்த்துவதற்கு ஒரு நொடி போகிறது என்று வாரைக் கத்தியால் அறுத்துவிட்டார். அதுவும் போதாதென்று உறையின் உட்பக்கத்துக்கு மெழுகு தேய்த்தார். மெழுகு இருந்த தகரப் பேணியை நான்தான் குப்பையில் கண்டேன்.

போட்டிக்கு முந்திய சனி ஒத்திகை. தலைவர் பிஸ்டலில் குண்டு போட்டு, உறையில் செருகிக் கோட்டில் நின்றார். மணி அடித்தது. ஐந்தாறு எட்டு ஓடி அடுத்த மேசைக்குப் போய் உருவிச் சுட வேண்டும். இரண்டாவது எட்டிலேயே பிஸ்டல் உறையிலிருந்து வழுக்கி விழுந்தது. விழுந்து, பலகைத் தளத்தில் சறுக்கி, பின்சுவரோரம் நான் நின்ற இடத்துக்கு வந்து விளக்குமாற்றில் முட்டி நின்றது. வெடிக்கவில்லை.

தலைவர் வெறும் உறையைத் தடவிக்கொண்டே மேசைவரை ஓடிவிட்டார்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். வயதில் மூத்த ஒருவர் கையிலிருந்து ஏதாவது தவறி விழுந்தால் பக்கத்தில் நிற்கும் இளையவன் குனிந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. எங்களுக்கு அது மூச்சு விடுவது மாதிரி. கல்யாண வீட்டில் ஒரு பெரியவரின் வெற்றிலைப் பெட்டி விழுந்து, பையன் பார்த்துக்கொண்டு நின்றான் என்றால் அவனுடைய தாய் தகப்பனுக்குத்தான் மானம் போகும். நான் குனிந்தேன். எடுத்தேன். தூசியைக் காற்சட்டையில் துடைத்தேன். கத்தி, கத்தரிக்கோல் கொடுக்கும்போது பிடியை மற்றவர் பக்கம் வைத்துக் கொடுப்போம் அல்லவா, அப்படியே பிடியைத் தலைவர் பக்கமாக வைத்து, இரண்டு கைகளாலும் பணிவாக நீட்டினேன். பிஸ்டலின் வாய் என் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது.

 பல் வைத்தியர் மெதுவாகத் தரையில் படுத்தார். எனக்கு மட்டும் எதுவும் விளங்கவில்லை. தலைவர் ஏன் வந்து வாங்கிக்கொள்ளவில்லை என்று யோசித்தேன். நான் தொட்டது அசுத்தம் என்று நினைக்கிறாரோ என்றுகூடத் தோன்றியது.

தபால் அம்மா நடந்து வந்தார். ஓடவில்லை. அசையாதே என்று தணிந்த குரலில் சொன்னார். என் மணிக்கட்டைப் பிடித்து, பிஸ்டலை அட்டைகளுக்குப் பின்னால் குண்டு தாங்கும் மண்மேட்டுப் பக்கம் திருப்பி, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். பிறகு உள்ளே இருந்த குண்டை வெளியே எடுத்து என் முகத்துக்கு முன்னால் காட்டினார். அந்தக் குண்டைக் கண்டபிறகுதான் எதை வயிற்றுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றேன் என்று எனக்கு விளங்கியது. விழுந்த பிஸ்டலை விழுத்தியவன்கூடத் தொடக்கூடாது, மேற்பார்வையாளர் மட்டுமே எடுக்கலாம், அதுதான் விதி என்று சொன்னார். மரியாதை தெரிந்த எவனும் ஏற்றுக்கொள்ள முடியாத விதி. ஆனால் உயிர் தப்ப நல்ல விதி.

அதோடு முடிந்திருந்தால் நல்ல கதையாக இருந்திருக்கும். அவர் தலைவரிடம் போய், உறையைக் கழற்றி வாங்கி, அறுத்த வாரைப் பார்த்தார். உள்ளே விரலை விட்டு மெழுகையும் பார்த்தார். புத்தகத்தைத் திறந்தார்.

குண்டு போட்ட பிஸ்டலை விழுத்தினால் அந்த ஆண்டு முழுவதும் போட்டி இல்லை. மாவட்டப் போட்டி, பக்கத்து ஊர்க்காரன், எல்லாம் போச்சு. தலைவர் என்னைப் பியர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் அங்கே உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஒரு அப்பிள் சாறு வாங்கித் தந்து, மெல்ல மெல்ல, எனக்கு விளங்கும் ஜேர்மன் சொற்களாகப் பொறுக்கிப் பேசினார். விளக்குமாற்றுத் தடி அவருடைய இடுப்பில் தட்டியதால் பிஸ்டல் விழுந்தது என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதை அவரே எடுத்துக்கொண்டார், நான் தொடவில்லை என்றும் எழுதலாம். அப்படி எழுதினால் இந்த இளைஞன் ஒழுக்கமானவன், சுத்தமானவன் என்று என் அசூல் பைலுக்குக் கழக முத்திரையோடு ஒரு கடிதம் தருவார். எழுதாவிட்டால், அனுமதி இல்லாத ஒரு வெளிநாட்டவன் ஆயுதத்தைக் கையில் எடுத்தான் என்று பொலிசுக்கு அறிவிக்க வேண்டியிருக்கும், அவருக்கு அதில் விருப்பமில்லை.

கெட்டிக்கார மனுசன். அவருடைய பொய் அவரைவிட எனக்குத்தான் அதிகம் உதவும். அதில் நான் துவக்கைத் தொடவே இல்லை. அப்புக்காத்து மூன்று மாதமாக எனக்குப் பாடமாக்கியதைத் தலைவர் முத்திரை குத்தித் தரப் போகிறார். தபால் அம்மாவின் புத்தகத்திலோ உண்மை இருந்தது, அந்த உண்மையில் நான் இரண்டு கைகளாலும் பிஸ்டல் பிடித்துக்கொண்டு நின்றேன். விசாரணைக்கு இன்னும் மூன்று வாரம்.

நான் பொய்யைத்தான் தெரிவு செய்தேன். பேனாவையும் வாங்கிவிட்டேன். அப்போது தலைவர் என் தோளில் தட்டி, கவலைப்படாதே, உங்கள் ஆட்கள் எல்லாரும் துவக்கோடு வளர்ந்தவர்கள்தானே, நீ எடுத்ததில் இங்கே ஒருவருக்கும் ஆச்சரியமில்லை என்று சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறிவிட்டது. இடுப்பில் துவக்கோடு ஓடி விளையாடுபவர் அவர். வயிற்றுக்கு நேரே பிடிப்பது ஆபத்து என்றுகூடத் தெரியாதவன் நான். துவக்கோடு வளர்ந்தவன் நானாம். பேனாவை மேசையில் வைத்துவிட்டு எழும்பிப் போய்த் தபால் அம்மாவின் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டேன். நேர்மை, வாய்மை ஒன்றும் இல்லை. கோபம். சாறைக்கூடக் குடித்து முடிக்கவில்லை.

அப்புக்காத்து அன்று சோறு சாப்பிடவில்லை. "உமக்கு விசர். தொடேல்லை எண்டு எழுதித் தா எண்டு ஒருத்தன் காலிலை விழாத குறையாய்க் கேக்கிறான். நீர் தொட்டனான் எண்டு ஒப்பம் வைச்சிட்டு வந்து நிக்கிறீர்."  அந்தப் பக்கத்தின் பிரதி பொலிசுக்குப் போயிற்று, அங்கிருந்து என் பைலுக்கும் போயிற்று. தலைவர் போட்டிக்குப் போகவில்லை. அடுத்த திங்கள் என்னை மயானத்துக்கு மாற்றினார்கள். அங்கே யாரும் எதையும் கீழே விழுத்தவில்லை.

விசாரணை வேறொரு நகரத்தில். ஊர் எல்லை தாண்டுவதற்கு அனுமதிக் கடதாசி எடுத்துக்கொண்டு போனேன். அறையில் ஒரு அதிகாரி, ஒரு தட்டச்சு இயந்திரம், ஒரு மொழிபெயர்ப்பாளர். மொழிபெயர்ப்பாளர் இந்தியத் தமிழர், பல்கலைக்கழகத்தில் இரசாயன ஆராய்ச்சி செய்பவர். நல்ல மனுசன். "டென்ஷன் ஆகாதீங்க, கேக்கறதுக்கு மட்டும் ஆன்ஸர் பண்ணுங்க, போதும்" என்றார்.

பெயர், ஊர், வந்த வழி எல்லாம் கேட்டபிறகு அதிகாரி கேட்டார், எப்போதாவது ஆயுதம் கையில் எடுத்ததுண்டா என்று.

"ஓம்" என்றேன். "ஒருக்கா. இங்கை, ஜேர்மனியிலை."

மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்தார். அவர் கேட்பது இலங்கையைப் பற்றி, இல்லை என்று சொல்லிவிடலாமே என்றார். அந்தக் கடதாசி அவருக்கு முன்னால் கிடக்கிறது, நான் சொன்னதைச் சொல்லுங்கோ என்றேன். சொன்னார்.

அதிகாரி பைலைப் புரட்டித் தபால் அம்மாவின் பக்கத்தை எடுத்து வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் முகத்தில் களை வந்தது. தானும் சூட்டுக் கழகம் ஒன்றின் உறுப்பினர் என்றார். வாரை அறுத்தானா? முழுதாகவா, பாதியா? எந்த இடத்தில்? உறை வலப்புறமா? பிஸ்டல் எத்தனை எட்டுத் தூரம் சறுக்கியது? ஒரு வெள்ளைத் தாளில் உறையைப் படமாக வரைந்து நீட்டினார். நான் வார் அறுந்த இடத்தைக் கோடு போட்டுக் காட்டினேன். நான் பிடித்த விதத்தை ஒரு பென்சிலால் நடித்தும் காட்டினேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார், வேகமாகத் தட்டச்சு செய்தார். தலைவரை ஆயுள்முழுதும் தடைசெய்ய வேண்டும் என்றார். என்மேல் அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அப்புக்காத்தின் பாடம் பிழை என்று நினைத்து உள்ளுக்குள் சந்தோசப்பட்டேன்.

பிறகு, நாட்டை விட்டு ஏன் வந்தாய் என்று கேட்டார்.

சொன்னேன். நானும் தமையனும் போன பஸ்ஸை ஆமி மறித்தது. எல்லாரையும் இறக்கி, றோட்டில் முகங்குப்புறப் படுக்கச் சொன்னார்கள். தமையனை மட்டும் எழும்பச் சொன்னார்கள். எழும்பினான். நடந்து போகும் சத்தம் கேட்டது. பிறகு வெடிச்சத்தம்.

யார் சுட்டது என்று கேட்டார். தெரியாது. எவ்வளவு தூரத்திலிருந்து? தெரியாது. என்ன வகைத் துவக்கு? தெரியாது என்றேன். தட்டச்சு இயந்திரம் ஒவ்வொரு 'தெரியாது'க்கும் கொஞ்சநேரம் அடித்து நின்றது. எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். பிஸ்டல் ஒன்றரைப் பக்கம். தமையன் ஐந்து வரி. கையெழுத்துப் போட்டேன்.

எட்டு மாதம் கழித்து முடிவு வந்தது. வழக்கம்போல அப்புக்காத்து அகராதியோடு ஓடிவந்தார். வாசித்துக்கொண்டு போனவர் ஓர் இடத்தில் நின்றுவிட்டார். என்ன எண்டு சொல்லுங்கோ என்றேன். அவர் தன் குரலை அதிகாரியின் குரல்போல ஆக்காமல், மெதுவாக மொழிபெயர்த்தார். மனுதாரர் ஒரு சம்பவத்தைக் கூர்ந்து கவனித்து விவரமாகச் சொல்லக்கூடியவர் என்பதைச் சூட்டுக் கழகத்தில் நடந்ததைப் பற்றிய அவருடைய வாக்குமூலம் காட்டுகிறது. சகோதரனின் மரணத்தைப் பற்றி அவர் சொன்னதிலோ எந்த விவரமும் இல்லை. ஆகவே அது உண்மையில் நடந்ததாக நம்ப முடியவில்லை. மனு நிராகரிக்கப்படுகிறது.

அப்புக்காத்து கடதாசியை மடித்து என் கையில் தந்தார். அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை.

அந்த றோட்டில் நான் ஒருமுறை தலையை நிமிர்த்தியிருந்தால் எல்லா விவரமும் தெரிந்திருக்கும். எத்தனை எட்டு, எந்தக் கை, என்ன வகை, எல்லாம். ஆனால் நிமிர்ந்தால் என்னையும் எழுப்பிக்கொண்டு போயிருப்பார்கள். நான் நிமிரவில்லை. என் தமையன் என்னைத் தாண்டி நடந்து போனபோது நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தேன். இதை நான் அதிகாரிக்குச் சொல்லவில்லை. இன்றுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.